293318625600 (எண்)

293318625600 என்பது பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட ஓர் இயல் எண் ஆகும். இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு என இது படிக்கப்படும். இவ்வெண்ணுக்கு 5040 வகுஎண்கள் உள்ளன. இதனைவிடச் சிறிய எந்த இயல் எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் கிடையா. எனவே இது உயர் பகு எண்கள் என்னும் வகையைச் சேர்ந்தது.

உயர் பகு எண்களுக்கு அப்பெயரை இட்டு, அவற்றை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுசன் (1887–1920). 1915-இல் வெளியான தமது ஆய்வுக் கட்டுரையில் 6746328388800 வரையுள்ள உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டார். அப்பட்டியலில் 102 எண்கள் உள்ளன. அந்த எல்லைக்குள் இருந்தும் பட்டியலில் இடம்பெறாமல் விடுபட்டுப்போன ஒரே எண் 293318625600 ஆகும்.

வரையறை

ஓர் இயல் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுஎண்கள் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12-இன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. 13 ஒரு பகா எண் ஆதலால் அதற்கு 1, 13 என இரண்டே வகுஎண்கள்.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகமான வகுஎண்களைக் கொண்ட எண், உயர் பகு எண் ஆகும். 12-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் வகுஎண்கள் இல்லை. ஆகவே 12 ஓர் உயர் பகு எண். 18-க்கும் ஆறு வகுஎண்கள் உண்டு. ஆனால் அதைவிடச் சிறிய 12-க்கே ஆறு இருப்பதால் 18 உயர் பகு எண் அன்று. முதல் சில உயர் பகு எண்கள்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040.

அன்றாட வாழ்வில் 12, 24, 60, 360 போன்ற எண்கள் காலத்தையும் கோணத்தையும் அளக்கப் பயன்படுவதற்கு அவற்றைப் பல வழிகளில் பங்கிட முடிவது ஒரு வசதியாகும். கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ 'சட்டங்கள்' என்னும் தமது நூலில், இலட்சிய நகரத்தின் குடும்பங்கள் 5040 ஆக இருக்க வேண்டும் என்றார். 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் அதைப் பங்கிட முடியும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

பகாக் காரணியாக்கம்

இவ்வெண்ணின் பகாக் காரணியாக்கம் பின்வருமாறு:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒரு வகுஎண்ணை உருவாக்க, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஓர் அடுக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2-க்கு 0 முதல் 6 வரை ஏழு தேர்வுகள், 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, 11, 13, 17, 19 ஆகியவற்றுக்கு இவ்விரண்டு. எனவே வகுஎண்களின் எண்ணிக்கை

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க, 1 முதல் இவ்வெண் வரையுள்ள எல்லா எண்களுடைய வகுஎண் எண்ணிக்கையின் சராசரி ஏறத்தாழ 26.6 மட்டுமே.

உயர் பகு எண்கள் அனைத்துக்கும் பொதுவான சில பண்புகளை இக்காரணியாக்கத்தில் காணலாம். முதலாவது, 2-இலிருந்து 19 வரை எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. இரண்டாவது, பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு கூடுவதில்லை (6, 4, 2, 2, 1, 1, 1, 1). இவ்வாறு இல்லாவிடில் அடுக்குகளை இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் வகுஎண்கள் கொண்ட சிறிய எண் ஒன்றைப் பெற்றுவிடலாம். மூன்றாவது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆக உள்ளது. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களுக்கும் இது பொருந்தும் என இராமானுசன் நிறுவினார்.

பிற பண்புகள்

* 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் இவ்வெண் வகுபடும். இதனை வகுக்காத மிகச் சிறிய எண் 23 ஆகும். 1 முதல் 22 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. அதன் 1260 மடங்கே இவ்வெண்.
* 5040 வகுஎண்களுள் 720 ஒற்றைப்படை எண்கள். 4320 இரட்டைப்படை எண்கள்.
* வகுஎண்களுள் 48 வர்க்க எண்கள் உள்ளன. அவற்றுள் பெரியது 6350400, அதாவது 2520-இன் வர்க்கம். 293318625600 = 2520² × 46189 எனவும் எழுதலாம்; 46189 என்பது 11, 13, 17, 19 ஆகியவற்றின் பெருக்கற்பலன்.
* இவ்வெண்ணை இரண்டு எண்களின் பெருக்கற்பலனாக 2520 வழிகளில் எழுதலாம் (வரிசை மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல்).
* எல்லா வகுஎண்களின் கூட்டுத்தொகை 1642243014720. இது எண்ணைப்போல் ஏறத்தாழ 5.6 மடங்கு. தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகையே தன்னைவிடப் பெரிதாக இருப்பதால் இது ஒரு மிகையெண்.
* இவ்வெண்ணைவிடச் சிறியனவாகவும் இதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதனவாகவும் உள்ள எண்கள் 50164531200, அதாவது ஏறத்தாழ 17.1 விழுக்காடு.
* இருமக் குறியீட்டில் எழுதினால் இவ்வெண்ணுக்கு 39 இலக்கங்கள். இறுதியில் ஆறு பூச்சியங்கள் வரும்.

மேலே வந்த 5040, 2520, 1260, 720, 48 ஆகிய ஐந்து எண்களும் உயர் பகு எண்களே என்பது குறிப்பிடத்தக்கது.

இராமானுசனின் ஆய்வு

இராமானுசன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாத ஊதியம் 30 ரூபாய். கழகத்தின் தலைவராக இருந்தவர் பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அங்கே பணியாற்றிய எஸ். நாராயண ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவர். இராமானுசனின் கணக்குகளை அவருடன் அமர்ந்து பார்த்தவர். 1913 சனவரி 16 நாளிட்டு கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்கு இராமானுசன் முதல் கடிதம் எழுதியது இத்துறைமுக அலுவலகத்தில் பணியாற்றியபோதே. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியதும் அவர் எழுத்தர் பணியிலிருந்து விடுபட்டார். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து இங்கிலாந்து புறப்பட்டார்.

உயர் பகு எண்கள் பற்றிய அவரது கட்டுரை, இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில் 1915-இல் 63 பக்கங்களில் வெளிவந்தது. அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட கட்டுரைகளுள் மிக நீளமானது இதுவே. இந்த ஆய்வுக்காகக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் அவருக்கு ஆய்வு வழி இளங்கலைப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்ற அவர் பெற்ற முதல் பட்டம் அது. கட்டுரையின் எளிய முறைகளில் சமனிலிகளைக் கையாள்வதில் இராமானுசனுக்கு இருந்த அரிய தேர்ச்சி வெளிப்படுவதாக ஹார்டி பின்னர் மதிப்பிட்டார்.

இலண்டன் கணிதக் கழகம் அப்போது பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவில்லை. அக்கையெழுத்துப் பகுதி ழான்-லூயி நிகோலா, கை ராபின் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புரைகளுடன் 1997-இல் 'இராமானுசன் ஆய்விதழ்' முதல் தொகுதியில் வெளிவந்தது.

துறைமுகத்தை அடுத்துள்ள இராயபுரத்தில், அவ்வை கலைக் கழகத்தில் இராமானுசன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் 1993-இல் அமைக்கப்பட்டன. இதனை உருவாக்குவதில் முன்னின்றவர் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் (1924–2005). இராமானுசனின் கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுக் குறிப்புகளையும் திரட்டி 1968-இல் நூலாக வெளியிட்டவரும் இவரே.

பட்டியலில் விடுபட்டமை

இராமானுசனின் பட்டியல் 2-இல் தொடங்குகிறது. அதன்படி எண்ணினால் 293318625600 வரிசையில் 90-ஆவது உயர் பகு எண்ணாக இருந்திருக்க வேண்டும் (1-ஐயும் உயர் பகு எண்ணாகக் கொள்வோருக்கு 91-ஆவது). அதன் அருகிலுள்ள உயர் பகு எண்கள் வருமாறு:

128501493120 = 2⁷ × 3³ × 5 × 7 × 11 × 13 × 17 × 19 × 23 (வகுஎண்கள் 4096)
146659312800 = 2⁵ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 (வகுஎண்கள் 4320)
160626866400 = 2⁵ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 (வகுஎண்கள் 4608)
240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 (வகுஎண்கள் 4800)
293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 (வகுஎண்கள் 5040)
321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 (வகுஎண்கள் 5376)
481880599200 = 2⁵ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 (வகுஎண்கள் 5760)

விடுபட்ட எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் 23-ஆல் வகுபடுவன. அது மட்டும் 23-ஐத் தவிர்த்து 7²-ஐக் கொண்டுள்ளது. முந்தைய எண்ணிலிருந்து 23-ஐ நீக்கி 28-ஆல் (2² × 7) பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். இவ்வெண்ணிலிருந்து 21-ஐ (3 × 7) நீக்கி 23-ஆல் பெருக்கினால் அடுத்த எண் கிடைக்கும்.

உயர் பகு எண்களின் வரிசையில் 23 முதன்முறையாகத் தோன்றுவது 64250746560 என்னும் எண்ணில். அதன்பின் சிறிது தூரம் வரை இரண்டு வகை எண்கள் கலந்து வருகின்றன: 23-ஐக் கொண்டவை, 19-உடன் நின்றுவிடுபவை. இரண்டாம் வகையில் உள்ளவை நான்கே:

73329656400 (வகுஎண்கள் 3600)
97772875200 (வகுஎண்கள் 4032)
146659312800 (வகுஎண்கள் 4320)
293318625600 (வகுஎண்கள் 5040)

முதல் மூன்று எண்களும் முறையே நான்காம் எண்ணின் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, அரைப் பங்கு ஆகும். இம்மூன்றும் இராமானுசனின் பட்டியலில் உள்ளன. நான்காவது மட்டுமே இல்லை.

பட்டியலில் உள்ள எண்களைக் கொண்டே இந்த விடுபடலை எவரும் தாளில் சரிபார்க்கலாம். 146659312800-இல் 2-இன் அடுக்கு 5. அதை இரட்டித்தால் அடுக்கு 6 ஆகும். வகுஎண்கள் 4320-இலிருந்து 7/6 மடங்காகி 5040 ஆகும். 97772875200-இல் 3-இன் அடுக்கு 3. அதை மும்மடங்காக்கினால் அடுக்கு 4 ஆகும். வகுஎண்கள் 4032-இலிருந்து 5/4 மடங்காகி மீண்டும் 5040 ஆகும். கிடைக்கும் எண் 240940299600-க்கும் 321253732800-க்கும் இடையில் விழுகிறது. 4800-ஐவிட அதிகமான வகுஎண்களைக் கொண்டுள்ளது. ஆகவே பட்டியலில் ஓர் இடைவெளி இருப்பது உறுதி.

இந்த விடுபடல் கட்டுரையின் தேற்றங்களைப் பாதிப்பதில்லை. அடுக்குகளின் வரிசை, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, அடுத்தடுத்த இரு உயர் பகு எண்களின் விகிதம் 1-ஐ நெருங்குதல் போன்ற முடிவுகள் பொது நிறுவல்களால் பெறப்பட்டவை. அட்டவணையைச் சான்றாகக் கொண்டவை அல்ல. ஒவ்வோர் எண்ணையும் கையால் கணக்கிட்டு, பதின்மூன்று இலக்கம் வரை சென்ற பட்டியலில் 103-க்கு 102 எண்கள் சரியாக அமைந்துள்ளன.

23-ஆல் வகுபடாத கடைசி உயர் பகு எண்

23-ஆல் வகுபடாத உயர் பகு எண்களுள் மிகப் பெரியது 293318625600 ஆகும். இதற்குப் பின் வரும் எல்லா உயர் பகு எண்களும் 23-ஆல் வகுபடும். இதன் நிறுவலுக்கு எளிய எண்கணிதமே போதும்.

ஓர் உயர் பகு எண் 23-ஆல் வகுபடவில்லை எனக் கொள்வோம். அப்போது அதன் பகாக் காரணிகள் 19-ஐத் தாண்டா. இனி ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் எனக் காணலாம்.

* 2⁵ = 32 என்பது 23-ஐவிடப் பெரிது. எனவே எண்ணிலிருந்து 2⁵-ஐ நீக்கி 23-ஆல் பெருக்கினால் எண் சிறிதாகும். 2-இன் அடுக்கு 9 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தச் சிறிய எண்ணின் வகுஎண்கள் குறைவதில்லை. இது உயர் பகு எண்ணின் வரையறைக்கு முரண். ஆகவே 2-இன் அடுக்கு 8-ஐத் தாண்டாது.
* 3³ = 27-ஐ நீக்கி 23-ஐச் சேர்க்கும் இதே வாதத்தால் 3-இன் அடுக்கு 4-ஐத் தாண்டாது.
* 5² = 25-ஐ நீக்கி 23-ஐச் சேர்த்தால், 5-இன் அடுக்கு 2-ஐத் தாண்டாது எனக் கிடைக்கும். அடுக்குகள் கூடுவதில்லை ஆதலால் 7-இன் அடுக்கும் 2-ஐத் தாண்டாது.
* 11-இன் அடுக்கு 2 எனக் கொண்டால், 3-இன் அடுக்கு 2, 3, 4 ஆகியவற்றுள் ஒன்று. அது 2 ஆனால், ஒரு 11-ஐ நீக்கி 9-ஆல் பெருக்கலாம். 3 அல்லது 4 ஆனால், 33-ஐ நீக்கி 23-ஆல் பெருக்கலாம். இரு வழியிலும் வகுஎண்கள் குறையாத சிறிய எண் கிடைக்கும். ஆகவே 11-இன் அடுக்கும், அதற்கு மேற்பட்ட பகா எண்களின் அடுக்குகளும் 1-ஐத் தாண்டா.

இதன்படி அத்தகைய எண் 2⁸ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்பதன் வகுஎண்ணாக இருக்க வேண்டும். இது 293318625600-இன் நான்கு மடங்கு. அதன் வகுஎண்களுள் 293318625600-ஐவிடப் பெரியவை மூன்றே. அவை ஒவ்வொன்றையும் விலக்கிவிடலாம்:

* 391091500800-க்கு 5184 வகுஎண்கள்; அதைவிடச் சிறிய 321253732800-க்கு 5376.
* 586637251200-க்கு 5760 வகுஎண்கள். அதைவிடச் சிறிய 481880599200-க்கும் 5760.
* 1173274502400-க்கு 6480 வகுஎண்கள். அதைவிடச் சிறிய 963761198400-க்கு 6720.

எனவே மூன்றும் உயர் பகு எண்கள் அல்ல. பட்டியலில் விடுபட்ட எண், 19-உடன் நிற்கும் உயர் பகு எண்களின் வரிசையை முடித்து வைக்கும் எண்ணாகவும் அமைந்துள்ளது.

வகுஎண் சங்கிலி

ஓர் உயர் பகு எண், அதற்குரிய அளவு வகுஎண்களைக் கொண்ட எண்களுள் மிகச் சிறியதாக இருக்கும். எனவே 293318625600 என்பது சரியாக 5040 வகுஎண்களைக் கொண்ட மிகச் சிறிய எண். அதேபோல 5040 என்பது சரியாக 60 வகுஎண்களைக் கொண்ட மிகச் சிறிய எண். 60 என்பது 12 வகுஎண்களைக் கொண்ட மிகச் சிறிய எண். 12 என்பது 6 வகுஎண்களைக் கொண்ட மிகச் சிறிய எண். இவ்வாறு பின்னோக்கிச் சென்றால் பின்வரும் தொடர்வரிசை கிடைக்கும்:

3, 4, 6, 12, 60, 5040, 293318625600

இதில் ஒவ்வோர் உறுப்பும், தனக்கு முந்தைய உறுப்பின் அளவுக்கு வகுஎண்களைக் கொண்ட மிகச் சிறிய எண் ஆகும். 2-இலிருந்து தொடங்கினால் தொடர்வரிசை நகராது. ஏனெனில் இரண்டு வகுஎண்களைக் கொண்ட மிகச் சிறிய எண் 2-தான். 3-க்குப் பின் இங்கே காட்டப்பட்ட ஆறு உறுப்புகளும் உயர் பகு எண்களாகும்.

இதற்கு அடுத்த உறுப்பு, அதாவது 293318625600 வகுஎண்களைக் கொண்ட மிகச் சிறிய எண்,

2¹⁸ × 3¹⁶ × 5¹² × 7¹⁰ × 11⁶ × 13⁶ × 17⁴ × 19⁴ × 23² × 29² × 31² × 37² × 41 × 43 × 47 × 53 × 59 × 61

ஆகும். இதற்கு 75 இலக்கங்கள் உள்ளன. இது உயர் பகு எண் அன்று. இதிலிருந்து 3⁴ = 81-ஐ நீக்கி 67-ஆல் பெருக்கினால் எண் சிறிதாகும்; ஆனால் வகுஎண்கள் 26/17 மடங்காகக் கூடும். ஆகவே 3-க்குப் பின் தொடர்ந்து வரும் உயர் பகு எண்களின் ஓட்டம் 293318625600-உடன் நின்றுவிடுகிறது.

வகுஎண் எண்ணிக்கையின் வகுஎண் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்னும் வினாவை இராமானுசன் அதே 1915 கட்டுரையின் இறுதியில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு கீழ் மதிப்பீட்டைத் தந்தார். பின்னர் பால் எர்டோஸ் உள்ளிட்டோர் இதனை ஆராய்ந்தனர். கிறிஸ்டியான் எல்ஷோல்ட்ஸ், கெவின் ஃபோர்டு உள்ளிட்ட நான்கு கணிதவியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இதன் வளர்ச்சி வீதம் முழுமையாகக் கண்டறியப்பட்டது. இவ்வினாவின் மிகச் சிறிய எடுத்துக்காட்டுகளே மேற்கண்ட சங்கிலியின் உறுப்புகள்.

ராபின் சமனிலி

உயர் பகு எண்களின் ஆய்வு, கணிதத்தின் தீராத பெரும் வினாக்களுள் ஒன்றான ரீமன் கருதுகோளுடன் தொடர்புடையது. ஓர் எண்ணின் வகுஎண்களின் கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுத்துக் கிடைக்கும் ஈவைக் கருதுக. எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை கண்டு, அதனை ஏறத்தாழ 1.781 ஆகவுள்ள ஒரு மாறிலியால் பெருக்குக. 5040-ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் முதல் மதிப்பு இரண்டாம் மதிப்பைவிடச் சிறிதாக இருந்தால் ரீமன் கருதுகோள் உண்மை. அது உண்மையானால் முதல் மதிப்பு எப்போதும் சிறிதாகவே இருக்கும். இதனை 1984-இல் நிறுவியவர், மேலே குறிப்பிடப்பட்ட கை ராபின்.

293318625600-க்கு முதல் மதிப்பு ஏறத்தாழ 5.599, இரண்டாம் மதிப்பு ஏறத்தாழ 5.830. எனவே இவ்வெண் ராபின் சமனிலியை நிறைவு செய்கிறது. 5040 நிறைவு செய்வதில்லை. நிறைவு செய்யாதனவாக அறியப்பட்ட எண்களுள் மிகப் பெரியது அதுவே.

கணினி வழிக் கணிப்பு

உயர் பகு எண்களின் பட்டியலைக் கணினியில் உருவாக்குவது எளிது. இதற்கு ஒவ்வோர் எண்ணையும் சோதிக்கத் தேவையில்லை. அடுக்குகள் கூடாத வரிசையில் அமைந்த எண்களை மட்டும் உருவாக்கினால் போதும். 293318625600 வரை சோதிக்க, 31 வரையுள்ள பதினொரு பகா எண்கள் போதுமானவை. ஏனெனில் 2 முதல் 31 வரையுள்ள பகா எண்களின் பெருக்கற்பலன் 200560490130. அதை 37-ஆல் பெருக்கினால் எல்லையைத் தாண்டிவிடும். 2-இன் அடுக்கு 38-ஐத் தாண்டத் தேவையில்லை. 2³⁹ இவ்வெண்ணைவிடப் பெரிது.

செய்முறை வருமாறு:

1. 1-இல் தொடங்கி, 2, 3, 5, 7 என முறையே ஒவ்வொரு பகா எண்ணுக்கும், முந்தைய பகா எண்ணின் அடுக்கைத் தாண்டாத ஓர் அடுக்கைத் தேர்ந்தெடுக்கவும்.
2. பெருக்கற்பலன் எல்லையைத் தாண்டினால் அக்கிளையை விட்டுவிடவும்.
3. ஒவ்வோர் எண்ணுடனும் அதன் வகுஎண் எண்ணிக்கையைச் சேர்த்து வைக்கவும். அடுக்குகள் ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் அவ்வெண்ணிக்கை கிடைக்கும்.
4. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, அதுவரை கண்ட வகுஎண் எண்ணிக்கைகளுள் பெரியதை மிஞ்சும் எண்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.

6746328388800 வரை இதனைச் செய்தால், 2 முதல் 103 உயர் பகு எண்கள் கிடைக்கும். இந்த எல்லைக்கு 37-ஐச் சேர்க்கத் தேவையில்லை. 2 முதல் 37 வரையுள்ள பகா எண்களின் பெருக்கற்பலன் 7420738134810 ஆகும். கிடைக்கும் பட்டியலை 1915 கட்டுரையின் பட்டியலுடன் ஒப்பிட்டால், இரண்டும் ஓர் இடத்தில் மட்டும் வேறுபடும்: 240940299600-க்கும் 321253732800-க்கும் இடையில் 293318625600.